பெறுநர் பெயர்

ஜேம்ஸ் ஜாய்ஸ் ஏழு மாதங்கள் ரோமில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். 1906 ஆகஸ்டிலிருந்து 1907 மார்ச் தொடக்கம் வரை. நனவோடையைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசியாகிவிட்டது. அதை எழுதிய கை ஒரு காலத்தில் நாளெல்லாம் வங்கியின் கடிதங்களை எழுதிக் களைத்த கை என்பது யாருக்கும் பொருட்படுத்தத்தக்க விஷயமாகப் பட்டதாகத் தெரியவில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. எனக்குப் படுகிறது.

ஆனால் இது எனக்கு உறைத்தது வங்கியில் சேர்வதற்கு முன்பு. 2013 டிசம்பரில், துபாயில் தேரா பகுதியில், ஒரு பணமாற்று நிலையத்தின் கவுண்டரில் என் கடைசி நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் அங்கே வேலை. விடுப்பில் ஊருக்கு வந்தபோது எழுதிய வங்கித் தேர்வில் இடம் கிடைத்திருந்தது; ஜனவரியில் சேர வேண்டும். டிசம்பர் 23 கடைசி வேலை நாள். 24 காலை சார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம்.

கவுண்டரில் உட்காருகிறவனுக்கு மனிதர்கள் படிவங்களாக வந்து சேர்கிறார்கள். அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், உறவு, தொகை, காரணம். காரணம் என்ற கட்டத்தில் அநேகமாக எல்லோருக்கும் ஒரே பதில்தான்: குடும்பப் பராமரிப்பு. தங்கை கல்யாணம், வட்டிக்கடன், பாதியில் நிற்கும் மாடி, வேலைக்குப் போகாத தம்பி எல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். அந்த வருடம் ஆகஸ்ட் இறுதியில் இந்திய ரூபாய் வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது. ஒரு திர்ஹாமுக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மேல். வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. சொந்த நாட்டு நாணயம் விழ விழ வரிசையில் நின்றவர்களின் முகம் மலர்ந்தது. விலைப் பலகையைப் பார்த்து நானும் மலர்ந்தேன். டிசம்பரில் அது பதினேழை ஒட்டி இறங்கிவிட்டது; ஏதோ நஷ்டப்பட்டவர்கள்போல எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். ஊர் மீது நாம் கொண்டிருக்கும் பாசத்துக்கு இப்படியும் ஒரு கணக்கு உண்டு.

அங்கே கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கிடையாது. 25ஆம் தேதி முறை வைத்துக்கொண்டு பூசைக்குப் போய்வருவார்கள். பக்கத்து கவுண்டரில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண், ஊரிலுள்ள பிள்ளைகளுக்கான பெரிய அட்டைப்பெட்டியை அக்டோபரிலேயே கப்பலில் அனுப்பியிருந்தாள். போய்ச் சேர அவ்வளவு நாள் ஆகும். பதினாறாம் தேதியிலிருந்து ஒன்பது நாள் பூசை அவர்கள் வழக்கம். வேலை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊத் மேத்தாவிலிருக்கும் மாதா கோயிலுக்கு ஓடுவாள். கவுண்டர் கண்ணாடியில் பஞ்சை ஒட்டிப் பனியாக்கியது அவள்தான். பனியைப் பார்த்தறியாத இருவர், பார்த்தறியாத ஒரு வரிசைக்காக அதை ஒட்டினோம்.

இரவில் அறையில் படிக்க என்னிடம் எல்மன் எழுதிய ஜாய்ஸ் வாழ்க்கை வரலாறு இருந்தது. விமானத்தில் அதன் எடைக்கு இடம் கிடைக்காது என்பதால் விட்டுவிட்டு வரத் தீர்மானித்து, ரோம் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படித்தேன். இருபத்துநாலு வயது. மனைவியாக உடன் வாழ்ந்த நோரா, ஒரு வயதுக் குழந்தை. கால்சட்டையின் பின்புறத்து ஒட்டு தெரியாமலிருக்க வால்வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறார். டிசம்பரில் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, குழந்தையோடு இன்னொரு இடம் தேடுகிறார். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்து வெறும் பாஸ்தா. இதெல்லாம் துயரக் கதை. எந்த எழுத்தாளன் வாழ்க்கையிலும் கிடைக்கும். முக்கியமானது வேறு. அந்த வருடம் செப்டம்பரில் தம்பிக்கு எழுதிய கடிதமொன்றில், தன் கதைகளில் டப்ளினிடம் தேவைக்கு மேல் கடுமையாக நடந்துகொண்டுவிட்டோமோ என்று கேட்டுக்கொள்கிறார். அந்த ஊரின் விருந்தோம்பலைத் தான் எழுதவேயில்லை என்கிறார். மறுவருடம் ட்ரியெஸ்தில் 'தி டெட்' எழுதி முடிக்கிறார். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் இரண்டு வயோதிகச் சகோதரிகள் வீட்டில் விருந்து. அவர்களுடைய அக்கா மகன் விருந்தோம்பலைப் புகழ்ந்து பேசுகிறான். அவன் ஒரு பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுகிறவன் என்பதை நான் முதலில் படித்தபோது கவனிக்கவில்லை.

நானும் மதிப்புரை எழுதுகிறவன்தான். துபாய் போவதற்கு முன்பு, இருபத்திரண்டு வயதில், ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதிய கிருஷ்ண பிள்ளை வாழ்ந்த ஊரில் பிறந்ததை ஒரு பொறுப்பாகவே எடுத்துக்கொண்டவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பத்து வெண்பாக்களை ஒரே தாளில் அச்சிட்டு, பலகாரத் தட்டோடு எல்லா மதத்தார் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த மூன்று வருடமும் மாலைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் யாப்பு கற்றுக்கொண்டேன். என் கட்டுரை, இறந்துபோன வடிவங்களில் வாழ்த்துப் பாடிக்கொண்டிருப்பவர்களைப் பற்றியது. உதாரணத்துக்கு அவருடைய தாளை எடுத்துக்கொண்டேன். பெயரையும் போட்டேன். அந்தப் பத்திரிகை முந்நூறு பிரதி. அதில் ஒன்று அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. அதன்பின் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கும் தட்டும் தாளும் எங்கள் வீட்டுக்கு வந்தன.

நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம், கவுண்டரில் ஒரு படிவத்தில் பெறுநர் பெயராக அவர் பெயர் வந்து நின்றது. வங்கிக் கிளை பாளையங்கோட்டை. உறவு: தந்தை. அனுப்பியவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், ஒரு கட்டடக் கம்பெனியில் மின்வேலை. மாதம் அறுநூறு திர்ஹாம். அவரை ஊரில் நான் பார்த்ததில்லை. நான் பள்ளியில் படிக்கும்போதே வளைகுடா வந்துவிட்டவர். "அப்பாட்ட படிச்சேன் அண்ணாச்சி" என்றேன். கட்டுரையைச் சொல்லவில்லை. அதன்பிறகு இரண்டு வருடம் மாதாமாதம் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தேன். கட்டுரையில் எழுதியது ஒரே முறை. கவுண்டரில் எழுதியது இருபது முறைக்கு மேல் இருக்கும்.

டிசம்பர் 19, வியாழன் மாலை அவர் வந்தார். இரண்டு மாதமாக வரவில்லை. விலை விழுந்ததால் காத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"பேரை மாத்தணும் தம்பி. அப்பா இல்ல."

"எப்போ அண்ணாச்சி?"

"அக்டோபர்ல. லீவு கெடைக்கல. போகல."

பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். புதிய பெறுநரைச் சேர்க்கத் தனிப் படிவம் உண்டு. பெயர், கணக்கு எண், கிளையின் குறியீடு, உறவு: தாய். பழைய பெறுநரை வைத்திருக்கவா நீக்கவா என்று கணினி கேட்கும். அவரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கெடக்கட்டும்" என்றார். காரணம் என்ற கட்டத்தில் குடும்பப் பராமரிப்பு என்று நிரப்பினேன்.

நான் ஊருக்குப் போவதைச் சொன்னதும் முகம் மாறியது. "ரெண்டு கிலோதான் தம்பி. அம்மைட்ட குடுத்துருதியளா?" வளைகுடாவில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், இதற்கு மறுப்பு கிடையாது. மறுநாள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பால் பவுடர், கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், ஒரு சால்வை.

23ஆம் தேதி மாலை பணப்பெட்டியை எண்ணி ஒப்படைத்தேன். குறையவில்லை. விசா ரத்துக்கான தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது, யாரிடமும் எனக்குப் பாக்கி இல்லை என்று அதில் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் யாருக்கும் பாக்கி இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று தேடினேன். அந்த வாசகம் இல்லை. பிலிப்பைன்ஸ் பெண் ஒரு சாக்லெட் பெட்டி கொடுத்தாள். பூசைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

விமானத்தில் யோசித்தது இதுதான். அந்த வெண்பாக்கள் மோசமானவை. இன்றும் அதுவே என் அபிப்பிராயம். என் மதிப்பீட்டில் தவறில்லை. ஆனால் மதிப்பீடு சரியாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல. அந்தத் தாள் தட்டோடு வந்தது என்பதை நான் எழுதவில்லை. தட்டை விட்டுவிட்டுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் செய்ய வேண்டும், பிரதியைப் பிரதியாகப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். ஜாய்ஸுக்கு ஒரு வழி இருந்தது. பழைய கதைகளைத் திரும்பப் பெறவில்லை. அவற்றின் கடைசியில் இன்னொரு கதையைச் சேர்த்தார். புத்தகம் 1914இல் வந்தபோது இரண்டும் சேர்ந்தே வந்தன. விமர்சகன் எதைச் சேர்ப்பான்?

24 இரவு ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். துக்க வருடமாதலால் நட்சத்திரம் தொங்கவில்லை. தெருவில் அது ஒன்றுதான் இருட்டு வீடு. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அம்மா உள்ளே போய், அக்கம்பக்கத்தார் கொடுத்த அச்சுமுறுக்கையும் முந்திரிக்கொத்தையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பிறகு ஒரு நோட்டு.

"செப்டம்பர்லயே எழுதி வச்சிட்டாவ. அச்சுக்குக் குடுக்க ஆளில்ல. அடுத்த வருசமாவது போடணும். நீங்க எழுதுற பிள்ளைன்னு சொல்வாவ. சரியா இருக்கான்னு ஒருக்கப் பாருங்க."

பார்த்தேன். பத்து வெண்பா. எப்போதும் இருக்கும் மாட்டுக்கொட்டில், விண்மீன், மூன்று ஞானியர். ஏழாவது பாட்டின் மூன்றாம் அடியில் தளை தட்டியது. அவருக்கு அப்படி நேர்ந்து நான் பார்த்ததில்லை. நோயில் எழுதியிருக்க வேண்டும். அது தட்டுகிறது என்பதை எனக்குத் தெரியும்படி செய்தவர் அவர்தான். திண்ணையில் என் பாட்டில் இப்படி வந்தால் விரலால் தரையைத் தட்டுவார். சரிசெய்யும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்.

"நல்லாருக்கும்மா" என்று சொல்லி நோட்டைக் கொடுத்துவிட்டேன்.

மறுவருடம் தாள் அச்சாகி வந்தது. பிழையும் அப்படியே அச்சாகியிருந்தது. அன்று நான் காட்டியது மரியாதை என்று சில நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கட்டுரை எழுதியபோதுகூட அவரைப் படித்துச் சண்டையிடத் தகுந்தவராக மதித்திருந்தேன். அன்று இரவு, முந்திரிக்கொத்தைத் தின்றுகொண்டு, அதையும் நிறுத்திவிட்டேன்.