தண்ணீர் காத்திருக்கட்டும்

“எப்போது?”

குழந்தை பிறந்த நாள் முதலாய் நம் இல்லத்தில் ஓயாது ஒலித்த கேள்வி அது. பால் குடிக்கிறதா, நன்றாக உறங்குகிறதா என்று கேட்க வேண்டிய வாய்களெல்லாம், வாயிற்படி தாண்டுமுன்பே, “ஞானஸ்நானம் எப்போது?” என்று கேட்டன. உண்டா இல்லையா என்று கேட்டவர் ஒருவருமில்லை. உண்டு என்பது அவர்கட்கு முடிந்துபோன செய்தி. நாள் குறிப்பது ஒன்றே பாக்கி!

நாம் பிறந்தது திருச்சி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பாட்டனாரின் தந்தை காலத்தில் சேரியிலிருந்து மாதா கோயிலுக்குச் சென்றவர்கள் நம் முன்னோர். நம் துணைவியாரின் முன்னோர் அதே சேரியில், செல்லாது நின்றுவிட்டவர்கள். ஒரே மண், ஒரே உழைப்பு, ஒரே இழிவு; ஏடுகளில் மட்டும் அவர் இந்து, நாம் கிறித்தவர். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, பதிவாளர் முன் கையொப்பமிட்டு மணந்துகொண்டோம். அன்று முகம் சுளித்த உற்றார் நாளடைவில் மறந்தனர். வளர்ந்தவர்கள், தம் வழியைத் தாமே தேடிக்கொண்டனர் என்று விட்டுவிட்டனர். ஆனால் குழந்தையை விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

எல்லோரிலும் மிகுதியாகக் கேட்டவர் நம் அப்பாயி. எண்பத்தைந்தைக் கடந்த மூதாட்டி. அவர் கேள்வியில் அதிகாரம் இல்லை, அச்சம் இருந்தது. அதன் வேரை நாம் இந்த ஆண்டுதான் அறிந்தோம்.

1962இல் அவருக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாள் இறந்தது. திங்களுக்கொரு முறை சாமியார் வந்துபோகும் சிற்றூர், ஞானஸ்நானம் ஆகவில்லை. 1917இல் வகுக்கப்பட்டு அந்நாளில் நடப்பிலிருந்த திருச்சபைச் சட்டம், ஞானஸ்நானம் பெறாது இறந்தவர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. கல்லறைச் சுவருக்கு வெளியே, ஒரு புளியமரத்தடியில், அந்த ஐந்து நாள் உயிரைப் புதைத்தனர்.

“ஆபத்துன்னா யார் வேணும்னாலும் தண்ணி ஊத்தலாமாம், ராசா. எனக்கு அது அப்பத் தெரியாது. பொறவுதான் உபதேசியார் சொன்னார்” என்றார் அப்பாயி.

ஒரு செம்புத் தண்ணீரைத் தான் ஊற்றாததால் தன் பிள்ளை விண்ணகமும் காணாமல் இடைவெளியில் நிற்கிறது என்றெண்ணியே வாழ்ந்திருக்கிறார் அந்தத் தாய்! ‘லிம்போ’ என்று அவ்விடத்துக்குப் பெயரும் வைத்திருந்தனர் இறையியலார். 2007இல் உரோமையின் பன்னாட்டு இறையியல் ஆணையம் ஓர் ஆவணம் வெளியிட்டது. ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைகளும் மீட்படைவர் என நம்ப இடமுண்டு என்றது. லிம்போ என்பது திருச்சபை அறுதியிட்ட கோட்பாடு அன்று என்றும் கூறிற்று. இதனை அப்பாயிக்குப் படித்துக் காட்டினோம், வென்றுவிட்ட எண்ணத்தோடு. அவர் கேட்டது ஒன்றே: “அப்ப அந்தப் பிள்ளையைச் சுவருக்கு உள்ளே கொண்டாந்து வைப்பாங்களா?”

நம் வாதத் திறமை அங்கே வாயடைத்து நின்றது, தோழர்களே! மடமையைச் சாடக் கற்றிருந்தோம். மடமையால் வெந்த நெஞ்சை ஆற்றக் கற்றோமில்லை.

பங்குத்தந்தையும் இல்லம் தேடி வந்தார். நல்லவர், நயமாகப் பேசுபவர். இன்று நடப்பிலுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பிறந்த முதற் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் பெறுவிக்கப் பெற்றோரைக் கடமைப்படுத்துகிறது என்று நினைவூட்டினார். அதே சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டே என்றோம்: பெற்றோரில் ஒருவரேனும் இசைய வேண்டும், குழந்தை அச்சமயத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை வேண்டும், அது அறவே இல்லையெனில் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்க வேண்டும். அவர் மறுக்கவில்லை. “உண்மைதான், தம்பி. ஆனால் குழந்தையைக் கேட்டா தடுப்பூசி போட்டீர்கள்? கேட்டா பெயர் வைத்தீர்கள்? கேட்டா தமிழ் கற்றுக் கொடுக்கிறீர்கள்? இதற்கு மட்டும் ஏன் அதன் அனுமதி?” என்றார்.

நல்ல கேள்வி. அன்றிரவு துணைவியாரும் நாமும் நெடுநேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

காசநோய்த் தடுப்பூசியும் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்தும் பிறந்தவுடன் தரப்படுகின்றன. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என அடுத்தடுத்து வேறு ஊசிகளும் உண்டு. நோய்க்கிருமி குழந்தையின் பதினெட்டாம் வயதுக்காகக் காத்திராது. ஆகவே நாமும் காத்திருக்க இயலாது. பெயர் பிடிக்கவில்லையெனில் நாளை அவளே மாற்றிக்கொள்ளலாம். அரசிதழில் அதற்கு வழியுண்டு. தமிழோடு வேறு மொழியும் கற்கலாம். ஆனால் ஞானஸ்நானம்? அது ஆன்மாவில் அழியா முத்திரையைப் பதிக்கிறது, ஒருமுறை பெற்றால் பெற்றதுதான் என்று போதிப்பது திருச்சபையே! காத்திருக்க முடியாததைப் பெற்றோர் செய்தே ஆகவேண்டும். பின்னால் மாற்றக்கூடியதைச் செய்துகொள்ளலாம். காத்திருக்கக்கூடியதும் அழிக்கமுடியாததும் எதுவோ, அது மட்டும் உரியவர் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பங்குத்தந்தைக்கு நாம் அளித்த விடை இதுவே.

இது நாத்திகர் கண்டுபிடித்த நியாயமன்று. யோர்தான் ஆற்றில் இயேசு முழுக்குப் பெற்றபோது அவர்க்கு வயது ஏறத்தாழ முப்பது என்கிறது லூக்கா நற்செய்தி. 354இல் பிறந்த அகஸ்தீன், 387இல் மிலான் நகரில், தேடித் தெளிந்து, தாமே விரும்பி ஞானஸ்நானம் பெற்றார். தாம் முப்பத்திரண்டு ஆண்டு எடுத்துக்கொண்ட அவர்தான், ஞானஸ்நானமின்றி இறக்கும் சிசுவுக்கும் தண்டனை உண்டு, அது மிக மென்மையானதாயினும் உண்டு என்று பிற்காலத்தில் போதித்தார்! 1525இல் சூரிக் நகரில் சிலர், நம்பிக்கை கொள்ளும் வயதில் பெறுவதே ஞானஸ்நானம் என்றனர். அவருள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் என்பாரை 1527 சனவரி 5ஆம் நாள் லிம்மத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது நகர ஆட்சி. தண்ணீருக்கு வயது வரட்டும் என்றவருக்குத் தண்ணீரிலேயே தண்டனை!

சடங்கின் சொற்களையே பாருங்கள். 1969இல் குழந்தைகளுக்கெனத் தனிச் சடங்குமுறை வரும்வரை, “சாத்தானை விட்டுவிடுகிறாயா? விசுவசிக்கிறாயா?” என்று சாமியார் கேட்டது குழந்தையை. விடையிறுத்தது ஞானத்தந்தையும் ஞானத்தாயும். இப்போது பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் நோக்கியே வினவுகின்றனர். சிசு விடை சொல்லாது என்பதை ஒப்புக்கொள்ள நூற்றாண்டுகள் ஆயின. விடை சொல்லும்வரை வினாவையே நிறுத்திவைக்கலாகாதா என்பதே நம் வேண்டுகோள்.

மற்றொரு புறத்திலிருந்து வந்தார் நம் மைத்துனர். “மாப்பிள்ளை, சாமியெல்லாம் கிடக்கட்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் என்னாகும், நினைத்தீர்களா?” என்றார்.

நினைத்தோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. புதுச்சேரியில் இந்துத் தந்தைக்கும் கிறித்தவத் தாய்க்கும் பிறந்த பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்று கோரிய வழக்கு அது. அவர் சிசுவாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாய் நின்றது, கோரிக்கை மறுக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தபோது அவருக்குத் தெரிந்திருக்குமா, தம் வாழ்வின் ஒரு கதவு மீது அது விழுகிறதென்று?

ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிற்றா? வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அச்சுவரின் இருபுறமும் நின்றவர் யாவரும் ஞானஸ்நானம் பெற்றவர்களே! சாதி ஒட்டிக்கொண்டே வருகிறது. அதற்கான ஈடு மட்டும் கரைந்துபோகிறது. இது அரசின் அநீதி. இதனை மாற்றப் போராட வேண்டும். ஆனால் மைத்துனர்க்கு நாம் சொன்னது: “மச்சான், சான்றிதழுக்காக ஞானஸ்நானத்தைத் தள்ளவில்லை. நாளை அவள் அறிந்து, எண்ணி, இழப்பையும் ஏற்று அதைப் பெற்றால் அது அவள் துணிவு. அவளறியாமல் நாம் இழக்கச் செய்தால் அது நம் குற்றம்.”

இவ்வாறு எல்லோர்க்கும் விடை கூறிவிட்டோம், அப்பாயி ஒருவருக்குத் தவிர.

ஐந்தாம் திங்களில் ஓர் இரவு குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். துணைவியார் மருந்தைத் தேட, நாம் வண்டிக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது, குழந்தை அப்பாயியின் மடியில். அருகே ஒரு செம்புத் தண்ணீர். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி. நம் நெஞ்சில் ஐயம் ஓடியது, ஆயினும் கேட்கவில்லை. மருத்துவர் பார்த்தார், இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தது. அதன்பின் அவராகவே சொன்னார்:

“ஊத்திப்புடணும்னுதான் ராசா செம்பை எடுத்தேன். செபமும் வாயில வந்துடுச்சு. ஆனா நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இல்ல. கேக்காம செஞ்சா அது திருடுற மாதிரி இருந்துச்சு. அதான் துணிய நனைச்சுப் போட்டேன்.”

அறுபது ஆண்டுகளாக அந்தச் செம்புத் தண்ணீருக்காகத் தம்மையே நொந்துகொண்டவர் அவர். அதே தண்ணீர் கையில் இருந்தது, அதே அச்சம் நெஞ்சில் இருந்தது, ஊற்றவில்லை! உயிர்போகும் நிலையில் பெற்றோர் மறுத்தாலும் ஊற்றலாம் என்று அவர் திருச்சபையின் சட்டமே இடந்தருகிறது. பள்ளி வாயிலை மிதியாத அந்த மூதாட்டி, சட்டத்தையும் கடந்து, பிறர் உரிமையை மதித்தார். அவரிடம் நாம் பாடம் கேட்டோம் என்பதை வெட்கமின்றி எழுதுகிறோம்.

அடுத்த ஞாயிறு அவரைக் கைப்பிடித்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, அந்தக் கல்லறைச் சுவருக்கு வெளியே சென்றோம். புளியமரம் இல்லை, தார்ச்சாலை ஓடுகிறது. சாலையோரம் சிறிது நேரம் நின்றார். “இங்கனதான்” என்றார். திரும்பினோம்.

நம் முடிவு இதுவே: அவள் கேட்கும்வரை ஞானஸ்நானம் இல்லை. வாக்குச்சீட்டைத் தரப் பதினெட்டு வயது வரட்டும் என்கிறது நாடு. விண்ணகச் சீட்டுக்கு மட்டும் என்ன அவசரம்? அதுவரை அப்பாயியோடு கிறிஸ்துமஸ் இரவில் கோயிலுக்குப் போவாள். தாய்வழிப் பாட்டியோடு பொங்கல் வைப்பாள். நம் அலமாரியில் பெரியாரின் நூல்களும் விவிலியமும் அருகருகே இருக்கும். எதையும் ஒளிக்கமாட்டோம்.

“அவள் வளர்ந்து, ஞானஸ்நானம் வேண்டும் என்றால்?” என்று நண்பர் ஒருவர் கேலியாகக் கேட்டார். வேண்டுமென்றால் பெறட்டும்! வாதாடுவோம், வழிமறிக்கமாட்டோம். கோயில் வாயில்வரை நாமே உடன்செல்வோம்.

இளந்தோழர்களே! உங்களுள் சிலர், தவழும் குழந்தைக்குக் கருஞ்சட்டை தைத்துப் போட்டுப் படமெடுத்து மகிழ்வதைக் காண்கிறோம். ஆசை நமக்கும் உண்டு. ஆயினும் எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒருவகை ஞானஸ்நானமன்றோ? குழந்தை நம் கொள்கைக்குக் கொடிக்கம்பம் அன்று. அதற்குக் கேட்கக் கற்றுக்கொடுப்போம், மறுக்கவும் கற்றுக்கொடுப்போம். அந்த மறுப்பு ஒருநாள் நம்மை நோக்கியே திரும்புமாயின், அதையும் தாங்கும் துணிவை இன்றே பழகுவோம்.