பெனால்டி பையன்

எங்க அப்பாவுக்கு ரெண்டு பேர். ரேஷன் கார்டில் ஒன்று. ஆம்பூர் பஜாரிலும் டீக்கடையிலும் இன்னொன்று: பெனால்டி.

"நீ பெனால்டி பையனாப்பா?" என்று கேட்டுத்தான் ஊரில் பல பேர் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள். சின்ன வயதில் அதை ஏதோ பட்டம் என்று நினைத்திருந்தேன். பெனால்டி அடிப்பதில் கில்லாடியாக இருந்திருப்பார் போல. ஏழாவது படிக்கும்போது எதிர்வீட்டு பாய் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அப்பா பெனால்டி அடித்தவர் இல்லை, கொடுத்தவர். 1988-ல் வாணியம்பாடி டீமோடு ஃபைனல். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிய ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ பாக்கி. லெஃப்ட் பேக்காக ஆடிய அப்பா, கோலுக்கு முன்னால் ஒருத்தன் காலைத் தட்டிவிட்டார். கோப்பை வாணியம்பாடிக்குப் போனது. பேர் எங்க வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அப்பாவோடு பஜாருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆசியக் கோப்பைக் கால்பந்தில் இந்தியா ஆடிய கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவை விட்டுவிட்டு அதை எழுத வரவில்லை.

எங்கள் வீட்டுக்குள் கால்பந்தைக் கொண்டுவந்தவர் தாத்தாவின் தம்பி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊரைப் பார்ப்பது கஷ்டம். வெலிங்டனில் இருந்த நாட்களில் பீட்டர் தங்கராஜை நேரில் பார்த்திருக்கிறார். 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வாங்கிய மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் இருந்தவர் தங்கராஜ். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியின் கோல்கீப்பர். சின்னத் தாத்தா லீவில் வரும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்வாராம்: "ஆசியாவுலயே ரெண்டாவது நாமதான்." அப்பா அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு எனக்குக் கொடுத்தார்.

கல்லூரியில் சேர்ந்து இண்டர்நெட் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடியது அந்த வாக்கியத்தைத்தான். உண்மைதான். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். சுனி கோஸ்வாமி கேப்டன். ஆனால் இறுதிச் சுற்றில் ஆடியதே நாலு அணிகள்: இஸ்ரேல், இந்தியா, தென் கொரியா, ஹாங்காங். போட்டி நடந்தது இஸ்ரேலில். அரசியல் காரணங்களால் பல நாடுகள் விலகிக்கொண்டன. தகுதிச் சுற்றில் எதிரணிகள் விலகியதால் ஒரு ஆட்டமும் ஆடாமலே இந்தியா உள்ளே போனது.

அப்பாவிடம் இதைச் சொல்லத் துடித்தேன். அவர் ரொம்பக் காலம் தூக்கிப் பிடித்த ஒன்றை உடைக்கப்போகிறேன் என்ற திமிரும் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்.

"நாலு டீம்தானா?" என்றார். "சரி. அதுல கொரியாவ ஜெயிச்சாங்களா இல்லியா?"

ஜெயித்தார்கள். 2-0. அப்பளராஜு ஒன்று, இந்தர் சிங் ஒன்று. இஸ்ரேலிடம் 0-2 தோல்வி. கடைசியில் ஹாங்காங்கை 3-1. அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளர் ரஹீம் 1963-லேயே புற்றுநோயில் இறந்துவிட்டிருந்தார். அவர் இல்லாமல் போய் ஆடி வாங்கிய இரண்டாம் இடம் அது.

கொரியாவை வென்ற தேதி 1964 மே 27. அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று தாத்தா ஞாபகம் வந்தது. நேரு செத்த அன்னிக்கு டேனரியில் டிரம்மை நிறுத்திவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று அடிக்கடி சொல்வார். அப்பா அப்போது மூணு மாசக் குழந்தை. நேரு இறந்ததும் அதே மே 27. ஊரே ரேடியோப் பெட்டியைச் சுற்றி நின்ற அந்த நாளில், ஹைஃபாவில் பதினோரு பேர் ஜெயித்துக்கொண்டிருந்தது யார் காதில் விழுந்திருக்கும்?

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சுருக்கமாகச் சொல்ல முடிவதுதான் அதன் சோகம். 1968, 72, 76, 80 என்று நாலு ஆசியக் கோப்பைகளில் இந்தியா இல்லை. அதில் சில முறை தகுதிச் சுற்றுக்கே அணியை அனுப்பவில்லை. 1984-ல் சிங்கப்பூரில் நடந்த போட்டிக்குத் தகுதி பெற்றது. சிங்கப்பூரிடம் 0-2, அமீரகத்திடம் 0-2, சீனாவிடம் 0-3. ஈரானோடு மட்டும் 0-0. ஒரு கோலும் அடிக்கவில்லை. மறுபடி ஆசியக் கோப்பையில் கால் வைக்க 27 வருஷம் ஆனது. 1984-ல் கைக்குழந்தையாக இருந்த சுனில் சேத்ரிதான், 2008-ல் டெல்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிராக மூணு கோல் அடித்து ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை வாங்கிக் கொடுத்து, 2011 கத்தாருக்கு வழி திறந்தான். கத்தாரில் ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, கொரியாவிடம் 1-4. பதின்மூணு கோல் வாங்கியும் கோல்கீப்பர் சுப்ரதா பாலைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். அவன் தடுத்தவை அத்தனை.

நான் அப்போது பிளஸ் ஒன். அப்பா டேனரியை விட்டு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. தோலை டேபிளில் விரித்து, தடவி, குறை இல்லாத இடமாகப் பார்த்து டையை வைத்து வெட்டுகிற வேலை. எங்கோ ஒரு நாட்டில் ஆபீஸ் போகிறவர் காலுக்கு இங்கே அப்பர் வெட்டுவார். அவர் கால்பந்து ஆடியதெல்லாம் பாலாற்று மணலில் வெறுங்காலோடு.

இனி 2019.

ஜனவரி 6, அபுதாபி. தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். சேத்ரி ரெண்டு, அனிருத் தாப்பா ஒன்று, ஜேஜே ஒன்று. 1964-க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியாவின் முதல் வெற்றி. தாய்லாந்துக்காரர்கள் மறுநாளே தங்கள் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அப்பா அன்றைக்கு ரெண்டு பிளேட் பிரியாணி வாங்கி வந்தார். மாசக் கடைசியில் இல்லை, ஆறாம் தேதியில் என்பதால் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து அமீரகத்திடம் 0-2 என்று தோற்றோம். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பரவாயில்லை. பஹ்ரைனோடு டிரா செய்தால் போதும், நாக் அவுட்.

ஜனவரி 14, ஷார்ஜா. இங்கே போகி. விடியற்காலையில் கொளுத்திய பாய், முறம், டயர் வாசனை ராத்திரி ஒன்பதரைக்கும் தெருவில் இருந்தது. எதிர்வீட்டு பாய், அவர் பையன், நான், அப்பா, எங்கள் வீட்டு டிவி முன்னால். 2011-லும் பஹ்ரைனோடு ஆடியது இதே ஜனவரி 14 என்று நான் சொன்னேன். "வாய வெச்சிட்டியா" என்றார் பாய்.

ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே அனஸ் காயம் பட்டு வெளியே போனான். அதன் பிறகு இந்தியா ஆடியது ஒரே ஆட்டம்தான்: தடு, தள்ளு, மூச்சு வாங்கு. எழுபது நிமிஷம், எண்பது, எண்பத்தைந்து. குர்பிரீத் பாய்ந்து பாய்ந்து தடுத்தான். தொண்ணூறு. 0-0. பாய் எழுந்து நின்றுவிட்டார்.

91-வது நிமிஷம், பெனால்டி பகுதிக்குள் பிரணாய் ஹால்டர் கால் நீட்டினான். அன்றைக்குக் கேப்டன் பட்டை அவன் கையில். பஹ்ரைன்காரன் விழுந்தான். விசில். ஜமால் ரஷீத் அடித்தான். 0-1. குரூப்பில் கடைசி இடம்.

நான் கத்தினேன். எழுதக் கூசும் வார்த்தைகள். போனை எடுத்து ஹால்டர் படத்தைப் போட்டு, கீழே ரெண்டு வரி நக்கல் எழுதிப் பதிவிட்டேன். பாய் பையன் சிரித்தான். அப்பா டிவியின் சத்தத்தை மட்டும் நிறுத்தினார்.

"இன்னா எழுதின? காட்டு."

காட்டினேன். கண்ணாடி போடாமல் போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"அத்த அழிச்சிடு. அவனுக்கு இன்னிக்கித் தூக்கம் வராது. முப்பது வருஷம் கழிச்சும் சில நாள் வராது."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் வீட்டில் அந்த விஷயத்தை அப்பா வாயால் யாரும் கேட்டதே இல்லை. பாய் கிளம்பிப் போனதும் நான் விடவில்லை. கோபம் அடங்கவில்லை எனக்கு. "அந்த ஒரு ஃபவுல் இல்லன்னா நாம உள்ள போயிருப்போம்பா" என்றேன்.

"டேபிள்ல விரிச்சாதான் தோல்ல இருக்கிற குறை கண்ணுக்குத் தெரியும். அதுக்குன்னு கட்டிங் போடுறவனா குறைய வச்சான்? மாடு உசுரோட மேயும்போது முள்ளு கீறினது அது, உண்ணி கடிச்சது."

அவ்வளவுதான் சொன்னார். போய்ப் படுத்துவிட்டார்.

வாசலில் அம்மா பொங்கலுக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். அம்மா அப்பாவுக்கு மாமா பொண்ணு. 1988 ஃபைனல் அன்று மைதானத்துக்குப் போன கூட்டத்தில் அவளும் இருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னிக்கி அவரு நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வந்தாரு. டீம்ல ரெண்டு பேருக்கு லீவு கெடைக்கல. பதினோரு பேரு தேறினதே பெருசு. மாத்தி விட ஆளு இல்ல. பாதி ஆட்டத்துலயே காலு இழுக்குதுன்னு கை காட்டினாரு, யாரும் பாக்கல." புள்ளி வைத்துக்கொண்டே சொன்னாள். "கடைசியில நடந்தத மட்டும் எல்லாரும் பாத்தாங்க."

இத்தனை வருஷத்தில் அப்பா இதை ஒரு சாக்காகக்கூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பேரைக் கேட்டு வெட்கப்பட மட்டும் தெரிந்திருந்தது.

பதிவை அழித்தேன். அதற்குள் நானூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் ஒவ்வொருவராக அழிக்கச் சொல்ல முடியாது. ஒரு பட்டப்பேர் எப்படி ஊரில் தங்குகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன் அன்று ராத்திரியே ராஜினாமா செய்தார். அனஸ் மறுநாள் தேசிய அணியிலிருந்து ஓய்வு என்று அறிவித்தான். எங்கள் குரூப்பில் இரண்டு வாரம் ஹால்டர் மட்டும்தான் ஓடினான்.

அதன் பிறகு நான் கணக்கைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன். ஆசியக் கோப்பை இறுதிச் சுற்றில் இந்தியா இதுவரை ஆடியவை 16 ஆட்டங்கள். வெற்றி 3. டிரா 1. தோல்வி 12. இதில் எத்தனை தோல்வியை ஒரு ஆள் காலில் கட்ட முடியும்? உள்நாட்டில் நீண்ட காலம் 70 நிமிஷ ஆட்டமே ஆடிப் பழகிய நாடு இது. தேசிய லீக் என்று ஒன்று 1996-ல்தான் வந்தது. 1984-க்கும் 2011-க்கும் நடுவே ஆறு ஆசியக் கோப்பைகள் நாம் இல்லாமலே நடந்து முடிந்தன. அந்த 27 வருஷத்துக்கு முகம் இல்லை, ஜெர்சி நம்பர் இல்லை. அதை வைத்து மீம் போட முடியாது. 91-வது நிமிஷத்துக்கு முகம் இருக்கிறது. ஆகவே அந்த முகத்தில் துப்புகிறோம். துப்பி முடித்ததும் மனசு லேசாகிவிடுகிறது, மீதி எதையும் கேட்க வேண்டியதில்லை.

1964 வெள்ளியும் இதே கண்ணாடியின் மறுபக்கம்தான். நாலு அணி என்பதை மறைத்துப் பெருமைப்படுவதும், நாலு அணிதானே என்று கேலி செய்வதும் ஒன்று. ரெண்டுமே அந்தப் பதினோரு பேர் கொரியாவை ஜெயித்த ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. அப்பா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

2024 ஜனவரியில் மறுபடி கத்தார். ஆஸ்திரேலியா 0-2, உஸ்பெகிஸ்தான் 0-3, சிரியா 0-1. ஒரு கோல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. அப்பா ரிட்டயர்டு ஆகி வீட்டில் இருந்தார். மூன்றையும் முழுசாகப் பார்த்தார். அந்த முறை திட்ட ஒரு முகமும் கிடைக்காததால் குரூப் சீக்கிரமே அமைதியாகிவிட்டது.

2025 ஜூன் 10, 2027 கோப்பைக்கான தகுதிச் சுற்று, ஹாங்காங்கில். 1964-ல் 3-1 என்று வென்ற அதே ஹாங்காங். 0-0. ஓய்விலிருந்து திரும்ப வந்திருந்த சேத்ரிக்கு நாற்பது வயது. கூடுதல் நேரத்தில் கோல்கீப்பர் விஷால் கைத் பந்துக்காக வெளியே வந்து ஆளை மோதினான். பெனால்டி. 0-1. போன் உடனே அதிர ஆரம்பித்தது. நான் எடுக்கவில்லை.

"கீப்பர் எந்த ஊரு?" என்றார் அப்பா.

"இமாச்சல்பா."

"அங்க அவங்க வூட்ல டிவி பாத்துனு இருப்பாங்க இல்ல" என்றார்.

அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதோடு 2027 முடிந்தது. அடுத்தது எப்போது என்று தெரியாது. 20 வருஷம், 27 வருஷம் என்று காத்திருந்த நாடு.

போன மாசம் அப்பாவை பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீக்கடையில் வயசான ஒருத்தர், முன்னால் வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்தவராம், அப்பாவைப் பார்த்து "இன்னா பெனால்டி, நல்லாகீறியா?" என்றார். அப்பா சிரித்தார். அவர் என் பக்கம் திரும்பினார். "பெனால்டி பையனா நீ?"

"ஆமாங்க" என்றேன். "அன்னிக்கி நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து ஆடினாரு. தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "அப்டியா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே, "அத்த வுடு, காலு லேட்டா போச்சு" என்றார்.