இடுக்கி முனையில் ஒரு மரபணு

நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர் என்பதால், இரண்டு இரகங்களைக் கலப்பதற்குக் காற்றையோ வண்டையோ நம்பியிராமல் மனிதக் கைகளே இறங்க வேண்டியுள்ளது. இனக்கலப்பு நடக்கும் நெல் ஆராய்ச்சி நிலையங்களில் களப்பணியாளர்கள் மறுநாள் மலரவிருக்கும் பூக்களைக் கதிரில் இனங்கண்டு, முதல்நாள் பிற்பகலிலேயே உமியின் மேற்பகுதியைச் சாய்வாகக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் சூல்முடி நலுங்காமல் நுண்ணிடுக்கியால் எடுத்துவிட்டு, கதிரைத் தாளுறையால் மூடுகிறார்கள். இதற்கு ஆண்மை நீக்கம் என்று பெயர். அடுத்த நாள் முற்பகலில், தந்தை இரகத்தின் மலர்ந்த கதிரை அந்த உறைக்குள் உதறி மகரந்தம் தூவுகிறார்கள். ஒரு மகரந்தப்பை தங்கிவிட்டாலும் அந்தப் பூவில் விளைவது கலப்பு மணியாக இராமல் போகலாம். இத்தனை நுட்பமான உழைப்புக்கு உரியவர்களின் பெயர் ஆய்வேடுகளில் அரிதாகவே காணப்படுவது நியாயமன்று.

இவ்வாறு இரகம் விட்டு இரகம் கொண்டுசெல்லப்பட்டவற்றுள் புகழ்பெற்றது, வெள்ளத்தில் மூழ்கிய பயிரைக் காக்கும் சப்1ஏ என்னும் மரபணுவாகும். இது மரபணு இரட்டிப்பின் விளைவு. உயிரணு தன் மரபுப்பொருளைப் படியெடுக்கும்போது சில வேளைகளில் ஒரு பகுதி இருமுறை பதிந்துவிடுகிறது. ஒரு படி பழைய வேலையைத் தொடர்வதால் மற்றது மாற்றங்களை ஏற்கும் உரிமை பெறுகிறது. பெரும்பாலான மிகைப்படிகள் காலப்போக்கில் செயலிழந்து போகின்றன, ஒருசில புதிய பணியை மேற்கொள்கின்றன. மரபியலாளர் சுசுமு ஓனோ 1970-இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை விரிவாக நிலைநிறுத்தியது. தாவரங்களிலோ மரபணுத்தொகுதி முழுவதுமே இரட்டித்த நிகழ்வுகள் பலமுறை நேர்ந்துள்ளன.

நெல்லின் 9ஆம் குரோமோசோமில் சப்1பி, சப்1சி ஆகிய மரபணுக்கள் பரவலாக இருக்க, சப்1பி இரட்டித்ததால் தோன்றிய சப்1ஏ சில இரகங்களில் மட்டுமே உள்ளது. நீரில் மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் வாயு தேங்கும்போது, சாதாரண நெல் மூச்சுக்குத் தவித்து நீள வளர்ந்து, சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்து மடிகிறது. சப்1ஏ உள்ள நெல்லோ ஜிப்ரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கியின் செயலை அடக்கி, வளர்ச்சியை நிறுத்தி, நீர் வடியும்வரை பொறுத்திருக்கிறது. இதே மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்நார்க்கல் மரபணுக்கள் ஆழ்நீர் நெல்லில் தண்டை வேகமாக நீட்டி நீர்மட்டத்துக்கு மேல் கொண்டுவருகின்றன என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். ஒரே குடும்பம் நேரெதிரான இரு வழிகளை வகுத்திருக்கிறது, மிகைப்படிகளின் வீச்சுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஒடிசா உழவர்கள் பேணிவந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்ஆர்13ஏ என்னும் இரகமே இம்மரபணுவின் மூலம். மரபணு இன்னதென்பது 2006-இல் வெளியிடப்பட்டது. முதலில் பெற்ற கலப்பினத்தை விரும்பிய இரகத்தோடே மீண்டும் மீண்டும் கலக்கும் பின்கலப்பு முறையில், சப்1ஏ மட்டும் தங்கி மற்றவை பழையபடி அமையுமாறு சுவர்ணா இரகத்தின் சுவர்ணா-சப்1 வடிவம் உருவாக்கப்பட்டு, 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. காவிரிப் படுகையின் சம்பாப் பட்டத்துக்குப் பழகிய சிஆர் 1009 இரகத்துக்கும் சப்1 வடிவம் வந்துள்ளது. ஆயினும் இவை தாங்குவது ஏறத்தாழ இரண்டு வாரம் வரையிலான முழு மூழ்கலைத்தான். வாரக்கணக்கில் பாதிப் பயிரளவுக்குத் தேங்கி நிற்கும் நீருக்கு இம்மரபணு மருந்தாகாது, அங்கே வடிகாலைத் தூர்வாருவதே வழி.