இறந்தவர்களின் ஜனத்தொகை

லூயிஸ்டவுன், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபுல்டன் கவுண்டிக்குத் தலைமை ஊர்; கோர்ட்டும் கச்சேரியும் அங்கேதான். சுற்றிலும் சோளவயல், பக்கத்தில் ஸ்பூன் ஆறு, ஓக் ஹில் இடுகாடு. 2010 சென்சஸில் 2,384 பேர்.

எட்கர் லீ மாஸ்டர்ஸ் வாலிபத்தைக் கழித்த ஊர். பின்னர் சிகாகோவில் வக்கீலாக இருந்துகொண்டு 1915-ல் ‘ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி’யை வெளியிட்டார். இருநூறுக்கு மேற்பட்ட பிணங்கள் பேசுகின்றன. தம் கடனை, கள்ள உறவை, ஏமாந்ததை. சென்சஸ் உயிருள்ளவர்களை மொத்தமாகக் கூட்டுகிறது. மாஸ்டர்ஸ் செத்தவர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறார். ஊர் கோபித்துக்கொண்டது.

லெட்ஜரில் முடிந்துபோன கணக்குகளைப் புரட்டுகிற எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. தொழில் நிமித்தம் கைக்கு வந்த ரகசியத்தைக் கவிதையாக்க உரிமை ஏது? ஆனால் அவர் எழுதியிராவிட்டால், லூயிஸ்டவுன் எனக்கு வெறும் 2,384தான்.