தாய் நட்ட மரம்

மரம் அவள் நட்டது. ஆனால் அவள் பிணத்தை எரிக்க, அந்த மரத்தில் ஒரு கிளையை வெட்டவும் உரிமை இல்லை! ஏன்? அவள் துலே சாதியினள். மரம் நின்ற மண்ணோ ஜமீன்தாரின் மண்!

வங்கத்துச் சரத் சந்திரர் தீட்டிய 'அபாகியின் சொர்க்கம்' கூறும் கதை இது. மேல்சாதி மூதாட்டியின் சிதைப்புகையைத் தொலைவில் நின்று கண்ட அபாகி, தனக்கும் அத்தகைய தீ கிடைக்கும் என்று நம்பிச் சாகிறாள். மகன் காங்காலி விறகு கேட்டு அலைகிறான். கச்சேரியில், மரத்துக்கு விலை கொடு என்கின்றனர். பார்ப்பனர் வீட்டில், உங்கள் சாதிக்கு எரியூட்டல் ஏது என்று ஏளனம்! முடிவில் ஆற்றங்கரையில் ஒரு குழி; தாயின் வாயருகே காட்ட, ஒரு பிடி வைக்கோலில் நெருப்பு.

தமிழில் இதனைப் படித்த நாளில் நாம் அழுதோம். அழுது முடித்து ஏட்டை மூடினோம். மனம் தூய்மையடைந்ததாக மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியே ஏமாற்று என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

சரத் சந்திரர் 1876-இல் ஹூக்ளி மாவட்டத்துத் தேவானந்தபூரில், வறிய பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தார். வறுமை அவரது கல்வியைத் தடுத்தது. 1903-இல் பிழைப்பு நாடிப் பர்மா சென்று, இரங்கூனில் எழுத்தராகப் பணிபுரிந்தார். 1916-இல் வங்கம் திரும்பினார். அவ்வாண்டில் நூலாக வந்த 'பல்லி சமாஜ்', கிராமத்தைப் பாலும் தேனும் பாயும் பூமியாகப் பாடியோரின் திரையைக் கிழித்தது. வெள்ளத்தில் உழவரின் பயிர் மூழ்குகிறது. நீர் வடியக் கரையை வெட்ட வேண்டும். வெட்டினால் மீன் போய்விடுமே என்று மறுக்கின்றனர் நிலவுடைமையாளர்! ஊர்க்கட்டுப்பாடு, சாதிச் செருக்கு, பொய்வழக்கு அனைத்தும் அங்கே அம்பலம்.

எனினும், அந்நாவலில் இளம் விதவை இரமாவைக் காதலனுடன் சேர்க்காமல் காசிக்கு அனுப்பிவிட்டார் அவர். நோயைக் கண்டவர் மருந்தை நீட்டத் தயங்கினார். 1926-இல் அவர் எழுதி வெளியிட்ட 'பாதேர் தாபி'யை ஆங்கில அரசு தடை செய்தது. ஆட்சிக்கு அஞ்சாத பேனா, ஊருக்கு அஞ்சியதோ? 1931-இல் வந்த 'சேஷ பிரச்னா'வில் கமல் என்னும் பெண், விதவை நோன்பையே நேருக்கு நேர் நின்று வினவுகிறாள். தயங்கியவரும் முன்னேறினார் அன்றோ!

1938-இல் அவர் மறைந்தார். அவரைப் போற்றுவோம், பூசை செய்யோம். வைக்கோல் புகையைப் பார்த்துச் சிறுவன் காங்காலி நின்றான். அவனுக்கு வேறு வழியில்லை. நமக்கு உண்டு. அழுதுவிட்டு ஏட்டை மூடுவோமா, மண் யாருக்கு, மரம் யாருக்கு என்று கேட்போமா?