மாரிச் சில்லும் மஞ்சள் லைட்டும்

அந்தக் கறுப்பு டேப்பை ஒட்டினது நாங்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வீட்டில் இன்றைக்கும் எல்லாரும் சாச்சாவைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். மூவரும் ஒலுவில் கம்பஸில் கலைப் பீடம். ஒருவன் கல்முனைக்குடி, ஒருவன் மருதமுனை, ஒருவன் பாண்டிருப்பு. சாச்சா கல்முனைக்குடிக்காரனுடைய வாப்பாவின் தம்பி. ஆனால் பாண்டிருப்புக்காரன் உட்பட மூன்று பேருக்கும் அவர் சாச்சாதான். பௌதிகம் எங்களுக்கு ஓ.எல். விஞ்ஞானத்தோடு முடிந்துபோன விசயம். அதனால் கீழே வருவதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் சில்லு மாற்றுகிற காலமென்று ஒன்று இருக்கிறது. ஒக்டோபரில் பெரும்போகத்துக்கு வயலை உழத் தொடங்கும்போது லேண்ட்மாஸ்டரின் ரப்பர் சில்லுகளைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு இரும்புச் சில்லைப் பூட்டுவார்கள். சேற்றுக்குள் ரப்பர் வழுக்கும், இரும்புச் சில்லு சேற்றைக் கடித்துக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் மறுபடி ரப்பர். சின்ன வயதில் அந்த இரும்புச் சில்லை உருட்டிக்கொண்டு திரிந்து ஏச்சு வாங்கியிருக்கிறோம். அதில் காற்றும் இல்லை, காற்றைப் பற்றிக் கவலைப்பட ஒரு லைட்டும் இல்லை.

சாச்சா தன்னுடைய காருக்கும் இதே யோசனையைக் கொண்டுவந்தார்.

இருபது வருசம் லொறி ஓட்டினவர் அவர். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தினதும் ஓடின ஜப்பான் கார்களின் விலைகூடக் கைக்கெட்டாமல் போனது. ஐரோப்பியக் கார் என்றால் சனம் பயப்படும், பார்ட்ஸ் எடுக்க ஏலாது என்று. அந்தப் பயத்தால் கொஞ்சம் மலிவாகக் கிடைத்த ஒரு காரைத்தான் சாச்சா வாங்கி ஹயருக்கு ஓட்டத் தொடங்கினார். பிறகு டயர் விலையும் ஏறிச்சு. பஞ்சிகாவத்தையில் நல்ல காடி உள்ள டயர்களோடு நாலு ரிம் அகப்பட்டபோது அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மாரிக்கு இந்த நாலும், கோடைக்குக் காரோடு வந்த நாலும். மழைத் தண்ணீர் நிற்கும் ரோட்டில் காடி ஆழமாக இருந்தால்தான் டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். ஆகவே கணக்குப் பிழையில்லை.

மாரிச் சில்லைப் பூட்டி முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினபோது டேஷ்போட்டில் ஒரு மஞ்சள் லைட் மின்னத் தொடங்கியது. குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. ஒரு நிமிசத்துக்கு மேல் மின்னிவிட்டு, பிறகு அணையாமல் நின்று எரிந்தது. சாச்சா இறங்கி நாலு சில்லுக்கும் காற்றுப் பார்த்தார். எல்லாம் 33. டயர் கடைப் பொடியன் ஒருவன், "அது சென்சர் லைட் நானா, ஒண்டும் செய்யாது" என்றான். ரெண்டு நாள் கழித்து சாச்சா எங்களிடம் சொன்னார்: "ராவைக்கு ஓடக்குள்ள கண்ணுக்குள்ள குத்துது. ஒரு டேப் துண்டு வெட்டி ஒட்டி விடுங்க மகன்."

வயர் சுற்றுகிற டேப்பில் நகமளவு வெட்டி நேர்த்தியாக ஒட்டினோம். பார்த்தால் டேப் இருப்பதே தெரியாது. அதில் கொஞ்சம் பெருமையும் பட்டோம்.

டிசம்பரில் ஒருநாள், மருதமுனைக்காரனின் உம்மாவுக்குக் கண்டியில் கிளினிக். சுபஹுக்கு முன்னமே புறப்பட்டோம். சாச்சா, உம்மா, நாங்கள் மூன்று பேர். அம்பாறை, உகணை, மகாஓயா, பதியத்தலாவை என்று இருட்டும் மழையுமாகவே பாதை போனது. பதியத்தலாவை தாண்டினபிறகு ஒரு லொறிக்காரன் லைட் அடித்தான். நாங்கள் முன்னுக்குப் பொலிஸ் நிற்கிறதென்று நினைத்து வேகத்தைக் குறைத்தோம். சாச்சா ஒரு தடவை, "ஸ்டீரிங் கொஞ்சம் பாரமாக் கிடக்கு" என்றார். ரோட்டுத் தண்ணி என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மகியங்கனையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். கடைக்குப் பக்கத்தில் நின்ற சிங்களப் பொடியன் ஒருவன் காரின் பின்பக்கத்தைக் காட்டி, உள்ளங்கையைத் தரையை நோக்கி அமத்திக் காட்டினான். இடது பின் சில்லு குந்திப்போய் நின்றது. கேஜ் வைத்துப் பார்த்தால் 14. சின்ன மர ஆணி ஒன்று, புரியோடு, காடிக்குள் ஏறியிருந்தது. கையை வைத்தால் டயரின் பக்கச் சுவர் சுட்டது. மழையில் வந்த டயர் சுட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது, சூட்டில் உள்ளிருக்கும் நூல் பிரிகிறது.

அங்கிருந்து அடுத்தது பதினெட்டு வளைவு. உம்மா காருக்குள் போர்த்திக்கொண்டு நித்திரை.

ஸ்பெயார் சில்லைப் பூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம், கிளினிக்கும் பார்த்தோம். கழற்றின டயரை உள்ளே பார்த்தபோது ரப்பர் தூள் தூளாக உதிர்ந்து கிடந்தது. ஒட்டிப் பாவிக்க ஏலாது. திரும்பி வரும்போது சாச்சா அம்பாறை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. லொறிக் காலத்தில் அவருடைய சீட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கொட்டான் இருக்கும். எங்கே நிறுத்தினாலும் இறங்கி, ஒவ்வொரு டயருக்கும் ஒரு அடி. சத்தத்திலேயே காற்றைச் சொல்லிவிடுவார். கார் வாங்கினபிறகு அந்தக் கொட்டான் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. லைட் இருக்கே, அது சொல்லும் என்று விட்டுவிட்டார். பிறகு லைட்டை நாங்கள் மூடினோம். கொட்டான் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த லைட்டைப் பற்றித் தேடத் தொடங்கினோம்.

அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே உரிந்து, வண்டிகள் புரண்டு, 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு பல லட்சம் டயர்கள் திருப்பி எடுக்கப்பட்டன. அந்த வருசக் கடைசியிலேயே சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கு செய்யப்படுகிற எல்லாச் சின்ன வாகனத்திலும் காற்று குறைந்தால் எச்சரிக்கும் லைட் கட்டாயம். சொல்லப்பட்ட அளவிலிருந்து 25 வீதம் குறைந்தால் அது எரிய வேண்டும். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சின்னக் கார்களில் பெரும்பாலும் இது இருப்பதில்லை, அதனால்தான் நம் ரோட்டில் பலருக்கு அந்த லாடத்தின் அர்த்தம் தெரியாது. 33இல் 25 வீதம் குறைந்தால் ஏறக்குறைய 25. சென்சர் உள்ள சில்லாக இருந்திருந்தால் 14 வரைக்கும் போக விட்டிருக்காது. உகணையிலோ மகாஓயாவிலோ லைட் எரிந்திருக்கும்.

வேலை செய்கிற விதம் ரெண்டு. ஒன்றில் சென்சரே கிடையாது. பிரேக்குக்காக ஒவ்வொரு சில்லிலும் ஏற்கனவே இருக்கும் ஏ.பி.எஸ். கருவி சுற்று வேகத்தை எண்ணும். காற்றுக் குறைந்த சில்லின் வட்டம் சிறுத்துவிடும், அதனால் அது மற்றதை விடக் கூடச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பிடித்து லைட் எரியும். இந்த வகைக் காரில் சில்லு மாற்றினால் சுகம். காற்றைச் சரியாக அடித்துவிட்டு ரீசெட் பட்டனை அமத்தினால் முடிந்தது. ஆனால் காற்றுப் பார்க்காமல் ரீசெட் அடித்தீர்கள் என்றால், குறைந்த காற்றையே சரியான காற்றென்று அதற்குப் படிப்பித்துவிடுவீர்கள்.

மற்றது சாச்சாவின் காரில் உள்ளது. வால்வின் அடியில், ரிம்முக்கு உள்ளே ஒரு சின்ன சென்சர், அதற்குள் பற்றரி, ஒரு ரேடியோ. ஓடும்போது காற்றழுத்தத்தைக் காருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சென்சருக்கும் அதற்கென்று ஓர் இலக்கம் உண்டு. காருக்கு அந்த நாலு இலக்கம் மட்டுந்தான் சொந்தம். இல்லாவிட்டால் கல்முனைச் சந்தியில் பக்கத்தில் நிற்கிறவனின் டயருக்குக் காற்றுக் குறைவு என்று உங்கள் காரில் லைட் எரியும். நாலு இலக்கமும் கேட்காவிட்டால் கார் முதலில் மின்னும், பிறகு நின்று எரியும். காற்றுக் குறைந்தால் மின்னாமல் நேரே எரியும். அதாவது அன்றைக்கு அந்த லைட், "காற்றுக் குறைவு" என்று சொல்லவில்லை. "எனக்கு ஒண்டும் கேட்கேல்ல" என்று சொன்னது. அதைத்தான் நாங்கள் டேப் போட்டு மூடினோம்.

பாண்டிருப்புக்காரனின் அண்ணன் ஸ்கார்பரோவில் ஒரு டயர் கடையில் வேலை. வட்ஸ்அப்பில் கதையைச் சொன்னபோது சிரித்தார். "உங்கட சாச்சா மட்டுமில்லடா, இஞ்ச பாதிச் சனம் ஆறு மாசம் அந்த லைட்டோடதான் ஓடுது." கனடாவில் பனிக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் பனி டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பனிகள் கழிவு கொடுக்க வேண்டும். ரெண்டாவது செட்டுக்கும் நாலு சென்சர் என்றால் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்களாம். அதனால் அவர் கடையில் காரை எடுத்ததும் முதல் வேலை, லைட் முன்பே எரிகிறதா என்று வேலைத் தாளில் எழுதுவது. இல்லாவிட்டால் நீதான் உடைத்தாய் என்று வருவார்கள்.

இன்னொன்றும் சொன்னார். முதல் குளிர் விழுகிற காலையில் எல்லாக் காரிலும் லைட் எரியுமாம். ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை. வெப்பம் 5, 6 பாகை இறங்கினால் டயரில் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். எங்களுக்கு அது தலைகீழ். கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் மத்தியான ரோட்டில் ஓடிவந்த டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். காற்றுக் கூடிப்போச்சு என்று அந்தச் சூட்டிலேயே திறந்து விடுவார்கள். அடுத்த நாள் விடிய அது குறைந்த டயர். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு, கார் மூன்று மணித்தியாலமாவது நின்று ஆறின டயருக்கான அளவு.

சாச்சாவின் காருக்கு என்ன வழி என்று அண்ணனிடம் கேட்டோம். மாரிச் சில்லுக்கும் நாலு சென்சர் வாங்கி, பழைய நாலின் இலக்கத்தையே அதில் பதிந்துவிடலாம், சில்லு மாறினது காருக்குத் தெரியவே வராது. அல்லது ஒவ்வொரு தடவையும் ஸ்கேனரால் புது இலக்கங்களைக் காருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சில கார் கொஞ்ச தூரம் ஓடினால் தானாகவே பிடித்துக்கொள்ளும், சாச்சாவின் கார் அந்த வகை இல்லை. ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் கழற்றிப் பூட்டினால் சென்சர் செலவு இல்லை, ஆனால் வருசத்துக்கு ரெண்டு தரம் டயரை நெம்புகிறபோது கம்பி சென்சரில் பட்டால் அதுவும் போச்சு.

முதல் வழியைத் தெரிவு செய்தோம். குற்ற உணர்ச்சியில் நாங்களே ரெண்டு மாத மஹாபொலக் காசைப் போட்டு ஒன்லைனில் நாலு சென்சர் எடுப்பித்தோம். வந்த பார்சலைப் பார்த்த கராஜ்காரர் ஒரு நொடியில் திருப்பித் தந்தார். ஐரோப்பியக் கார் 433 மெகாஹேர்ட்ஸில் கேட்கும், நாங்கள் எடுப்பித்தது 315இல் பேசும். அதைத்தான் அண்ணனிடம் நாங்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டுமென்றும் தெரியவில்லை.

இப்போதைக்கு மாரிச் சில்லில் சென்சர் இல்லை. டேப்பை உரித்துவிட்டோம், பசை இன்னும் கொஞ்சம் ஒட்டிக் கிடக்கிறது. லைட் ராவைக்குக் கண்ணில் குத்துகிறது, சாச்சா ஒன்றும் சொல்வதில்லை. ஹயர் வந்தால் புறப்பட முன்னம் கேஜ் வைத்து நாலையும் பார்க்கிறார், ஸ்பெயாரையும் பார்க்கிறார். போன மாதம் விறகுக்கு வெட்டின பூவரசங் கொம்பில் ஒரு முழத் துண்டை எடுத்துச் சீவி சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிறார். தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினால் நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தபிறகுதான் அதை எடுக்கிறார். டொம், டொம் என்று நாலு தரம் கேட்கும். பிறகு வந்து உட்காருவார்.

315 மெகாஹேர்ட்ஸ் சென்சர் நாலு, பெட்டி பிரிக்காதது, ஹொஸ்டல் அறை ராக்கையில் இருக்கிறது. யாருக்காவது உதவுமென்றால் சொல்லுங்கள்.