சிம் லிம் மாடியில் ஒரு கறுப்புப் பெட்டி

தேக்காவிலிருந்து சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தே போகலாம். சிராங்கூன் சாலைப் பூக்கடைகளை விட்டு வெளியே வந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால், பென்கூலன் ஸ்திரீட் முனையில் நிற்கிறது அந்த ஆறு மாடிக் கட்டடம். கீழே கைப்பேசி, கேமரா என்று கூப்பிடும் கடைகளில் நிற்காதீர்கள்; மின்படியில் ஏறிக்கொண்டே இருங்கள். கணினி உதிரிபாகங்கள் மேலேதான். ஒரு காலத்தில் கடை வாசல்களில் பொடி எழுத்து விலைப்பட்டியல்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக விலை விசாரிப்பதே ஒரு பொழுதுபோக்கு. இணைய விற்பனை வந்தபின் கூட்டம் குறைந்துவிட்டது. ஆனாலும் பெட்டியைத் திறந்து காட்டி ஒரு மனிதரிடம் கேள்வி கேட்க, இங்கேதான் வரவேண்டியிருக்கிறது.

போன மாதம் அக்கா மகளுடன் போனேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். இறுதியாண்டுப் படைப்பை ஒப்படைக்க மூன்றே வாரம். கணினியோ, வேலை கனத்ததும் பட்டென்று அணைந்துவிடுகிறது. வீட்டருகே ஒரு கடையில், புதிதாக வாங்குங்கள், 2,000 வெள்ளி ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அன்றிரவு சேமிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். “கடைசியா என்ன மாத்தினே?” என்றார்.

“கிராஃபிக்ஸ் கார்டு, அங்கிள். ரெண்டு மாசம் ஆச்சு.”

உடனே பவர் சப்ளை பெட்டியின் ஒட்டுத்தாளைத் திருப்பினார். பெரிய எழுத்தில் 450 வாட். அவர் விரல் வைத்ததோ கீழே இருந்த சின்ன எண்ணில்: 12 வோல்ட், 25 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 300 வாட். கார்டும் செயலியும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வழியில்தான் மின்சாரம் எடுக்கும். அவள் கார்டுக்கு 200, செயலிக்கு 125 வரை. கணக்கு அங்கேயே உதைத்தது. புதிய 650 வாட் பெட்டி 130 வெள்ளி. பத்து ஆண்டு உத்தரவாதம்.

பக்கத்தில் நின்றவர் தனக்கும் ஒன்று கேட்டார். அலுவலகக் கணினி, வேகம் போதவில்லையாம். “வாங்காதீங்க” என்றார் கடைக்காரர். பவர் சப்ளை மாற்றினால் வேகம் கூடாது. 1,000 வாட் பெட்டி போட்டாலும் கணினி தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். தவிர, அலுவலகக் கணினிகள் பலவற்றில் பெட்டியின் அளவும் இணைப்புகளும் வேறாக இருக்கும். கடையில் கிடைப்பது உள்ளே பொருந்தாது.

‘80 பிளஸ் கோல்டு’ முத்திரையால் மின்கட்டணம் குறையுமே என்பார்கள். கூட்டிப் பார்த்தேன். 200 வாட் வேலைக்கு, 85 விழுக்காட்டுத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 235 வாட் இழுக்கும். 90 விழுக்காடு என்றால் 222. தினம் நான்கு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்குச் சுமார் 19 யூனிட் மிச்சம். யூனிட் 30 காசு என்றாலும் 6 வெள்ளிகூடத் தேறாது. இரண்டு தட்டு சிக்கன் ரைஸ்! அதற்காக நல்ல பெட்டியைக் கழற்றி எறிவது வீண்செலவு. கார்டு கேட்டால் மாற்றலாம். உத்தரவாதம் முடிந்து வயதாகி, விசிறி முனகினாலோ கருகல் வாடை வந்தாலோ மாற்றியே ஆகவேண்டும்.

பொருத்த முக்கால் மணி நேரம் ஆகும் என்றதால் வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம் நடந்தோம். குவான் இம் ஆலயத்தில் வணங்கிய சீனர்கள், அருகிலேயே உள்ள ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்தின் முன்னும் ஊதுபத்தியோடு நிற்கிறார்கள். அவளும் கண்மூடி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பியபோது கணினி அவளுடைய காட்சிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் பார்த்தோம், அணையவில்லை. கடைக்காரர் மீதமிருந்த வயர்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். “வேற பெட்டியோட வயரை இதிலே செருகாதே. ஓட்டை பொருந்தும், உள்ளே வோல்ட் வரிசை மாறியிருக்கும். டிஸ்க் கருகிடும். மூடியையும் திறக்காதே, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.”

ரோச்சோர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, அவள் பேனாவை எடுத்து அந்தப் பையின்மேல் பெட்டியின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டாள்.